அன்வர் வீட்டு உறைமோர்

செருப்பைக் கழற்றக்கூட ஷாஹிதா விடவில்லை. கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "டேலி ஆச்சா அக்கா?" என்று கேட்டாள்.

"ஆகல" என்றேன்.

தாழ்ப்பாளைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. தலையை மூடியிருந்த வெள்ளைத் துப்பட்டாவின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டாள். உள்ளே சாம்பிராணி வாசனை. அதற்கடியில், முடிச்சூர் வீடுகளுக்கே உரிய ஈரச் சுவரின் வாசனை. பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ அவங்க ஏதோ செஞ்சிருக்காங்களா?"

"தெரியல ஷாஹிதா. ரெண்டும் ஒத்துப்போகலங்கறது மட்டும்தான் இப்போதைக்குத் தெரியும்."

"தப்பா இருந்தாலும் என்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு கேட்டேன். வந்து சொல்லிட்டீங்க. உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றாள்.

சாமர்த்தியமாகப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்று சொல்லியிருப்பேன். அவள் கணவர் அன்வர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த மனிதர் யோக்கியரா இல்லையா என்பதை இரண்டு கணினிக் கோப்புகளை ஒப்பிட்டுத் தீர்மானிக்கும் வேலையை நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன இதழில் கல்லூரி வேலையை விட்டதைப் பற்றி எழுதியதும், "அப்புறம் வீட்டில் சும்மாவா இருந்தீங்க?" என்று சேலையூர்க் காய்கறிக் கடையில் ஒரு வாசகி மடக்கினார். சும்மா இல்லை அம்மா. இதோ இதைச் செய்துகொண்டிருந்தேன். எழுதலாமா என்று ஷாஹிதாவிடம் கேட்டேன். "எழுதுங்க. அவங்க பேரை மட்டும் மாத்திடாதீங்க" என்றாள்.

நாரை என்று பெயர் வைத்த காலை

கணினி என்று ஒன்று இருந்தால் அதற்கு இயங்குதளம் வேண்டும். காசு கொடுத்து வாங்கும் இயங்குதளங்கள் உண்டு. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று பொதுவில் வைத்திருப்பவையும் உண்டு. அப்படிப் பொதுவில் கிடக்கும் எத்தனையோ மென்பொருள்களில் வேண்டியதைப் பொறுக்கியெடுத்து, ஒன்றோடொன்று சண்டை போடாதபடி கோத்து, ஒரே பொட்டலமாகக் கொடுப்பதை டிஸ்ட்ரோ என்பார்கள். நாங்கள் சில பேர் சேர்ந்து அப்படி ஒன்றைச் செய்துவந்தோம்.

கம்பெனிகள் கழித்துக்கட்டிய கணினிகள் பள்ளிக்கூடங்களுக்குத் தானமாக வரும். புது மென்பொருளைப் போட்டால் அவை மூச்சு வாங்கும். அந்தப் பள்ளிகளுக்காகத்தான் எங்கள் பொட்டலம். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூடுவோம், டீ குடிப்போம், சண்டை போடுவோம்.

பெயர் வைத்தது பள்ளிக்கரணையில். குழுவில் ஒருவரான பிரபு, ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்பவர், சதுப்பு நிலத்தைப் பார்த்த மாதிரி ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிது. வீடு பார்க்க அழைத்திருந்தார். பால்கனியில் நின்றால் காட்சி பிரமாதம். ஆனால் காற்று திரும்பினால் குப்பைமேட்டு நாற்றம் குடலைப் புரட்டியது. எல்லோரும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றோம். கீழே தண்ணீரில் ஒரு நாரை அசையாமல் நின்றது.

"இவ்ளோ நாத்தத்துலயும் தன் வேலையப் பாத்துக்கிட்டு நிக்குது பாருங்க. நம்ம சாஃப்ட்வேருக்கு இதான் பேரு" என்றார் அன்வர். பிரபுவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெயர் நிலைத்துவிட்டது.

அன்வர் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஒல்லியான ஆள், மெதுவான குரல், இரும்புப் பிடிவாதம். நாரைக்கு இரண்டு சட்டங்கள் போட்டவர் அவர்தான்.

ஒன்று, மூலநிரல் இல்லாத எதுவும் உள்ளே வரக்கூடாது. மூலநிரல் என்பது மனிதர் எழுதி மனிதர் படிக்கக்கூடிய வடிவம். "உள்ள என்னா இருக்குன்னு தெரியாத டப்பாவைப் பசங்க கையில குடுக்க மாட்டேன்" என்பார்.

இரண்டாவது சட்டம், நாரையில் வேலை செய்கிறவர் தன் கணினியைத் தமிழில்தான் வைத்திருக்க வேண்டும். பட்டியல், பிழைச்செய்தி, தேதி எல்லாமே தமிழில். பிள்ளைகள் பார்க்கப்போகும் திரையை நாமும் தினம் பார்த்து அவதிப்பட்டால்தான் தமிழ் உருப்படும் என்பது அவர் கட்சி. நான் ஒருமுறை அவசரத்துக்கு ஆங்கிலத்தில் மாற்றிவைத்திருந்தேன். "வசந்தி மேடம், கோர்ட்டு கேஸுல நீங்க முதல் குற்றவாளி" என்று கூட்டம் முழுக்கக் கேலி செய்தார்.

முதல் சட்டத்தால் ஒரு தலைமையாசிரியர் எங்களிடம் சண்டைக்கே வந்தார். காட்டாங்குளத்தூர் தாண்டி ஒரு சின்னப் பள்ளி. அவர்களுடைய வைஃபை கருவிக்கு மூலநிரல் இல்லாத, கணினி மட்டுமே படிக்கக்கூடிய பைனரிதான் கிடைத்தது. அன்வர் சேர்க்க மறுத்துவிட்டார். "வயர் இல்லாம வரும்னு சொல்லித்தானே சார் ஆசை காட்டினீங்க?" என்று தலைமையாசிரியர் கத்தினார். அன்வர் அடுத்த விடுமுறை நாளில் ஒரு சுருள் கேபிளோடு போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஊர்ந்து, ஆபீஸ் அறையிலிருந்து வகுப்பறைவரை இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். சட்டை முழுக்க ஒட்டடை.

உறைக்கு ஒரு கரண்டி

இனி கம்பைலரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பயப்பட வேண்டாம், சமையலறைக்குள்ளேயே முடித்துவிடுகிறேன்.

மூலநிரல் நமக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. கணினிக்குப் புரிவது பைனரி என்ற வெறும் எண் வரிசை. முதலாவதை இரண்டாவதாக மாற்றிக் கட்டித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரும் ஒரு மென்பொருள்தானே, அதைக் கட்டியது யார்? அதற்கு முந்தைய கம்பைலர். அதை? அதற்கும் முந்தையது.

வகுப்பில் இதற்குத் தயிரைத்தான் உதாரணம் காட்டுவேன். பால் தோய உறைமோர் வேண்டும். இன்றைய தயிருக்கு நேற்றைய தயிர், நேற்றையதற்கு முந்தாநாளையது. முதல் நாள் என்ன செய்தோம்? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் நின்றோம். நாரைக்கு அந்தப் பக்கத்து வீடு அன்வருடைய வீடு.

அந்தப் பழைய கணினிகளுக்கு ஏற்ற கம்பைலர் வேறெங்கும் சரியாகக் கிடைக்கவில்லை. அன்வர் தன் வீட்டுக் கணினியில் அதை உருவாக்கிக் கொண்டுவந்தார். நாரையில் உள்ள எல்லாமே அதிலிருந்து கட்டப்பட்டவை. அடுத்தடுத்த கம்பைலர்களும் அதன் வாரிசுகளே. உள்ளே இருப்பது தெரியாத எதுவும் கூடாது என்று சட்டம் போட்டவர் கையால் ஒரு பைனரி வர வேண்டியிருந்தது. அவருக்கே அது உறுத்தியது. "ஒரு நாள் இதையும் அடியிலேர்ந்து கட்டிடணும் மேடம். அதுவரைக்கும் எனக்கு நிம்மதி இல்ல" என்பார். அந்த ஒரு நாள் வரவில்லை.

ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில், தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று மாலைத் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெண்கள் அறையில் ஷாஹிதாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. என் கையை மட்டும் பிடித்திருந்தாள்.

பிரபு கேட்ட கேள்வி

சில வாரங்கள் போயின. குழுவின் பொது மின்மடலில் பிரபு எழுதினார். வெளி ஆட்களும் பள்ளிக்காரர்களும் படிக்கும் மடல் அது.

அவர் சொன்னது இதுதான். கம்பைலருக்குள் ஒரு திருட்டு வேலையை ஒளித்துவைத்தால், அது தான் கட்டும் அடுத்த கம்பைலருக்குள்ளும் அதை நுழைத்துவிடும். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் அகப்படாது. நாரை முழுவதும் ஒருவர் வீட்டில் உருவான ஒரு பைனரியிலிருந்து வருகிறது. அவரோ இப்போது இல்லை. எனவே அதை நம்பத்தகாதது என்று அறிவித்து, பள்ளிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேள்வியில் தப்பே இல்லாததுதான் அதற்குக் காரணம். அந்த எச்சரிக்கையை நானே வருடக்கணக்காகப் பாடமாக நடத்தியிருக்கிறேன். உடனே போன் போட்டேன்.

"அவர் இருக்கும்போது கேட்டிருக்கலாமே பிரபு?"

"அப்ப தோணல மேடம். அவர் இருந்தார், எதுன்னாலும் கேட்டுக்கலாம்னு இருந்துட்டோம். ஸ்கூல்ல பசங்களோட டீடெய்ல்ஸ் எல்லாம் இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் மேடம் ஆன்ஸர் பண்றது?"

"நம்பத்தகாததுன்னு எழுதணுமா?"

"டெக்னிக்கலா அதானே வார்த்தை."

அந்த வார்த்தை மடலில் தங்கவில்லை. ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போய், அங்கிருந்து மேற்குத் தாம்பரத்தில் ஷாஹிதாவின் அண்ணன் நடத்தும் பெயின்ட் கடைக்கு வந்தது. பெயின்ட் வாங்க வந்த யாரோ, "உங்க மச்சான் கம்ப்யூட்டர்ல ஏதோ வெச்சுட்டுப் போயிட்டாராமே?" என்று கேட்டிருக்கிறார்.

ஷாஹிதா என்னை அழைத்தாள். அவள் பி.காம். படித்தவள், அண்ணன் கடைக் கணக்கைப் பார்ப்பவள். சுற்றி வளைத்துப் பேசமாட்டாள்.

"வேற பேரா இருந்தா வைரஸுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்க அக்கா. எங்க பேருக்குன்னா வேற வார்த்தை ரெடியா வெச்சிருக்காங்க. அது ஒருதடவ ஒட்டிக்கிச்சுன்னா போகாது. அவங்க மவுத்தாகிட்டாங்க, எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியாது. நான் இத்தால இருக்கேன், வெளிய வரமுடியாது. உண்மை என்னன்னு பாக்க வழி இருக்கா?"

அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன்.

வழி இருந்தது. கடினமான வழி. அதற்கு அன்வரின் கணினியும் தேவைப்படலாம். கணவரை இழந்து இத்தா இருக்கும் பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருப்பாள். நெருங்கிய உறவல்லாத ஆண்கள் முன்னால் வரமாட்டாள். நாரைக் குழுவில் என்னைத் தவிர மற்ற எல்லோரும் ஆண்கள். அந்த வீட்டுக்குள் போகக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

"நான் பாக்கறேன் ஷாஹிதா. ஆனா எது வரும்னு என்னால சொல்ல முடியாது."

"எது வந்தாலும் என்கிட்ட முதல்ல சொல்லுங்க. மடல்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

மிளகாய்க் காம்பு

பக்கத்து வீட்டில் கேட்காமலும் தயிர் தோய்க்கலாம். வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் தோயும். முதல் ஈடு சுமாராக, கொழகொழவென்று இருக்கும். அதை உறையாக்கி அடுத்த ஈடு, அதிலிருந்து அடுத்தது. மூன்றாம் நாலாம் ஈட்டில் நல்ல தயிர் வந்துவிடும்.

கம்பைலரையும் அப்படி அடியிலிருந்து கட்டலாம். தொடக்கம் ஒரு குட்டி நிரல். வெறும் எண்கள், ஒரு தாளில் அடங்கிவிடும். ஒவ்வொரு எண்ணையும் விரலை வைத்துச் சரிபார்க்கலாம். அதற்குள் யாரும் எதையும் ஒளிக்க இடமில்லை. அதை வைத்து அதைவிடக் கொஞ்சம் கெட்டிக்கார நிரல் ஒன்று. அதை வைத்து இன்னொன்று. அப்படியே ஏறி, ஒரு சின்னக் கம்பைலர், பிறகு ஒரு பழங்காலக் கம்பைலர், கடைசியில் இன்றையது.

அன்வருடைய கம்பைலரின் மூலநிரல் எல்லோரிடமும் இருந்தது. அதை அவர் கை படாத இந்தப் பாதையில் கட்ட வேண்டும். கட்டிய கருவியின் சாயல் போக, அப்படி வந்ததைக் கொண்டே அதே மூலநிரலை மறுபடி ஒருமுறை கட்ட வேண்டும். முடிவில் என் கையில் வருவதும் அன்வர் கொடுத்துவிட்டுப் போனதும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாக இருந்தால், அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் அது அவருடையதில் இருக்கும், என்னுடையதில் இருக்காது.

சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் தள்ளி அதையே வேலை மேசை ஆக்கினேன். மின்விசிறியைக் கணினிக்குத் திருப்பிவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தலைக்குமேல் உறுமிக்கொண்டு போகும். அடியில் உள்ள படிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தன. மேலே போகப்போக ஒவ்வொன்றும் நாள் முழுக்க ஓடியது. பாதி ஓடி நிற்கும். ஏன் நின்றது என்று தேடி, திருத்தி, மறுபடி தொடங்குவேன். வாரக்கணக்கில் வேறு நினைப்பே இல்லை. பால் பொங்கி வழிந்தாலும் உறைக்காத நிலை.

கடைசியில் இரண்டு கோப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. நம்பிக்கையோடுதான் ஒப்பிடச் சொன்னேன்.

இரண்டும் வேறு என்று திரையில் ஒரே ஒரு வரி வந்தது. வேறுபாடு தொடங்கும் இடத்தையும் சொன்னது. ஏறக்குறைய தொடக்கத்திலேயே.

கட்டிலில் போய்ப் படுத்தேன். மத்தியானம் சமைக்கவில்லை. அன்வரின் மெதுவான குரல் காதிலேயே இருந்தது. ஒட்டடை படிந்த அந்தச் சட்டையும் கண்முன் வந்தது. அவர் ஏமாற்றியிருப்பாரா? மாட்டார் என்று மனம் சொன்னது. ஆனால் மனம் சொல்வதைக் கேட்பதாக இருந்தால் இத்தனை வாரம் எதற்காக உட்கார்ந்திருந்தேன்?

மறுநாள் ஆட்டோவில் கிளம்பினேன். "முடிச்சூரா? ரோட்ட நோண்டிப் போட்டுகீறானுங்க மேடம், சுத்திகினுதான் போவணும்" என்றார் ஓட்டுநர். சுற்றட்டும் என்றேன். அந்த வாசலில் போய் நிற்க எனக்கு அவசரமில்லை.

பரண்மேல் இருந்த கணினி

ஷாஹிதா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கடையில சாயங்காலம் டேலி ஆகலைன்னா, யாரு எடுத்தான்னு எங்கண்ணன் உடனே குதிப்பாரு. நான் திரும்பக் கூட்டுவேன். நீங்க திரும்பக் கூட்டிட்டீங்களா அக்கா?"

"கூட்டிட்டேன். என் பக்கம் தப்பு தெரியல. அவர் எப்படிக் கட்டினார்னு அவர் மெஷின்ல பாக்கணும். நீ சரின்னு சொன்னா."

அவர் போன பிறகு அந்தக் கணினியை யாரும் தொடவில்லை. தொட அவள் விடவில்லை.

"பாத்துட்டு, இருக்கற மாதிரியே வெச்சிடுவீங்களா?"

"வெச்சிடறேன்."

கணினி பரண்மேல் இருந்தது. அடையாற்று வெள்ளம் ஒருமுறை வீட்டுக்குள் வந்ததிலிருந்து அன்வர் பெட்டியை மேலே வைத்து, நீள வயர்களைக் கீழே மேசைக்கு இறக்கியிருந்தார். வெள்ளம் நின்ற உயரம் சுவரில் பழுப்புக் கோடாகத் தெரிந்தது. ஷாஹிதா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள், நான் ஏறிப் பொத்தானை அமுக்கினேன்.

திரை வெளிச்சமானது. வணக்கம் சொன்னது. தேதி, கிழமை, கோப்புறைப் பெயர்கள் எல்லாம் தமிழில். ஷாஹிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவர் கம்பைலர் கட்டிய கோப்புறையைத் திறந்தேன். கம்பைலர் ஒரே துண்டு அல்ல. நிறையச் சின்னத் துண்டுகளாகக் கட்டப்பட்டு, கடைசியில் பெயர் வரிசைப்படி பூச்சரம் மாதிரி கோக்கப்படும். அந்தத் துண்டுகளைப் பட்டியலிடச் சொன்னேன்.

வந்த பட்டியலைப் பார்த்ததும் என்னவோ உறுத்தியது. வாரக்கணக்காக என் வீட்டில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான பட்டியல் அது. ஆனால் இங்கே ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். என் மடிக்கணினியைத் திறந்து, நான் கட்டியபோது வந்த பட்டியலைப் பக்கத்தில் வைத்தேன். துண்டுகள் அதே துண்டுகள். வரிசை வேறு.

ஒவ்வொரு பெயராக விரலை வைத்து ஒப்பிட்டேன். பிறகு திரையின் மூலையில் இருந்த தமிழ்த் தேதி கண்ணில் பட்டது.

கணினி எந்த மொழியில் இருக்கிறதோ அதற்கென்று ஓர் அகரவரிசை முறை வைத்திருக்கும். மொழியே சொல்லாமல் விட்டால், பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயர்களை எல்லாம் முன்னால் வைத்துவிட்டுத்தான் சின்ன எழுத்துக்கு வரும். தமிழில் வைத்தால் இரண்டையும் கலந்து அடுக்கும். நாரைக் குழுவில் எல்லோரும் அன்வர் சட்டப்படி தமிழில் வைத்திருந்தோம். அதனால் எல்லோர் கணினியிலும் சரம் ஒரே மாதிரிதான் கோக்கப்பட்டது. வரிசையை மொழியிடம் விடக்கூடாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்தால் அது கண்ணுக்கே தெரியாது.

புதுப் பாதையில் வெறும் எண்களிலிருந்து தொடங்கிய என் கட்டுமானத்துக்கு எந்த மொழியும் தெரியாது. அது தன் போக்கில் கோத்துவிட்டது.

"ஷாஹிதா!" என்று கத்திவிட்டேன். கரண்டியோடு ஓடிவந்தாள். சொன்னேன். இரண்டு பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதானா அக்கா?"

"இதுவா இருக்கலாம். அவர் வரிசையில கோத்துத் திரும்பக் கட்டினாத்தான் தெரியும். இதுக்கு மேல வேற ஏதாவதும் இருக்கலாம்."

"கட்டுங்க" என்றாள். அன்வரின் வரிசையைப் படியெடுத்துக்கொண்டு, கணினியை அணைத்து, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்றும் சொல்லாத திரை

பிரபுவிடம் இப்போது சொன்னேன். மறைக்கவில்லை. ஒத்துப்போகாமல் இருந்ததையும் சொன்னேன். "அப்ப என் ஃபிளாட்லயும் நானே முதல்லேர்ந்து தனியா கட்டிப் பாக்கறேன் மேடம். நீங்க மட்டும் சொன்னா பத்தாது" என்றார். அவர்மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

மறுபடி அதே ஜன்னலோரம், அதே விசிறி. கட்டி முடிந்ததும் நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பயம்தான். இரண்டு கோப்புகளையும் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு முடிச்சூருக்குப் போனேன். மதியத் தொழுகை முடித்து ஷாஹிதா பாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் பாக்கல. சேந்து பாக்கலாம்."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒப்பிடும் கட்டளையை அடித்துத் தட்டினேன்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. கர்சர் அடுத்த வரிக்குப் போய் மினுக்கிக்கொண்டு நின்றது.

"ஒண்ணுமே வரலையே அக்கா?"

"வித்தியாசம் இருந்தாத்தான் சொல்லும். ஒண்ணும் சொல்லலைன்னா ரெண்டும் ஒண்ணு."

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். அதே மௌனம். ஷாஹிதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்று அழாத அழுகை எல்லாம் அன்று வந்தது. நானும் அழுதேன். அன்வர் எதையும் ஒளிக்கவில்லை. படித்துப் பார்க்கக் கொடுத்ததைத் தவிர வேறெதுவும் அதற்குள் இல்லை.

பிரபுவின் போன் வந்தது. அவர் வீட்டிலும் அதே கோப்பு வந்திருந்தது. பிறகு, "அவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா மேடம்?" என்றார்.

ஷாஹிதாவைப் பார்த்தேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "எழுதினதை எழுதியே திருத்தச் சொல்லுங்க அக்கா. அதே இடத்துல" என்றாள். சொன்னேன். அன்று மாலையே அவர் தன் பெயரில் எழுதினார். யார்மேலும் பழி போடாமல், சுருக்கமாக, சரியாக எழுதியிருந்தார். ஷாஹிதாவின் அண்ணன் அதை அச்செடுத்துக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

அழுது ஓய்ந்தபின் ஷாஹிதா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். திரையில் இரண்டு கோப்புகளும் அப்படியே இருந்தன.

"இனிமே ஸ்கூலுக்கெல்லாம் போறது எது அக்கா? அவங்க செஞ்சதா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வராமல் இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன்.

"இல்ல ஷாஹிதா. அடியிலேர்ந்து கட்டினதுதான் இனிமே போகும். அதுதான் முறை. அவருடையதை எடுத்துடுவோம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னீங்க."

"இல்ல."

"ஒரு புள்ளிகூட?"

"ஒரு புள்ளிகூட இல்ல."

"அப்ப போறது அவங்க செஞ்சதுதான்" என்றாள்.

ஆமாம் என்றேன்.